கண்ணுக்குக் கறுப்பு, வெயிலுக்குக் கண்ணாடி: வீட்டில் ஸ்க்ரீன் ஃபிலிம் எடுப்பது

கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற மஞ்சப்பையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மண்டபத்தின் முகவரி இருக்கிற இடத்தில்தான் வேலையின் லட்சணம் தெரியும். 'தெப்பக்குளம் எதிரில்' என்று இருக்க வேண்டியது 'தெபபககுளம எதிரில' என்று நிற்கும். புள்ளிகளைக் காணோம். ஸ்க்ரீன் பிரின்டிங்கில் பை அடித்தவரைக் கேட்டால் எமல்ஷன் (மெஷ் மேல் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) சரியில்லை என்பார், மழைக்காலம் என்பார், மெஷ் (ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) பழசு என்பார். ஃபிலிமைப் பற்றி, அதாவது எழுத்தைக் கறுப்பாக அச்சிட்டு எமல்ஷன் மேல் வைத்து வெளிச்சம் காட்டுகிற ஷீட்டைப் பற்றி, வாயே திறக்க மாட்டார். எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார், பார்க்க நல்ல கறுப்பாகத்தான் இருக்கும்.

குழப்பமே அங்கேதான். நாம் ஃபிலிமைக் கண்ணால் பார்க்கிறோம். எமல்ஷன் பார்ப்பது வேறு வெளிச்சத்தை. அதை இறுகச் செய்வது புற ஊதாவும் அதை ஒட்டிய ஊதா நீலமும், ஏறக்குறைய 350 முதல் 420 நானோமீட்டர் வரை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் கறுப்பாகத் தெரிகிற மை, இந்த அலைநீளத்துக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி பாதி வழி விட்டுக்கொண்டிருக்கலாம்.

இதை அளக்கிற கணக்குக்கு டென்சிட்டி என்று பெயர். டென்சிட்டி 1 என்றால் விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் ஸ்க்ரீனுக்குச் சரியான எக்ஸ்போஸிங், அதாவது வெளிச்சம் காட்டும் நேரம், 200 வினாடி என்று வைத்துக்கொள்வோம். டென்சிட்டி 3 உள்ள கறுப்புக்குக் கீழே இருக்கும் எமல்ஷனுக்கு அந்த 200 வினாடியில் கிடைப்பது 0.2 வினாடி வெளிச்சம். தண்ணீர் பட்டதும் கரைந்து போய், அச்சு மை இறங்க வழி திறந்துவிடும். டென்சிட்டி 2 என்றால் 2 வினாடி. பெரிய எழுத்துக்குப் பரவாயில்லை. டென்சிட்டி 1.3 என்றால் இருபதில் ஒரு பங்கு, அதாவது 10 வினாடி. பால் மேல் ஏடு கட்டுவது போல, திறந்திருக்க வேண்டிய மெஷ் கண்களில் மெல்லிய படலம் நின்றுவிடும். எழுத்தின் பருத்த பாகம் தண்ணீர் அடித்தால் திறக்கும், புள்ளி திறக்காது.

அடுத்து எல்லோரும் செய்வது ஒன்றுதான்: எக்ஸ்போஸிங் நேரத்தைக் குறைப்பது. 200-ஐ 90 ஆக்கினால் புள்ளி திறக்கும், உண்மைதான். ஆனால் ஸ்க்ரீனின் மற்ற பாகம் அரைவேக்காடாக நிற்கும். கழுவும்போது ஸ்குவிஜி (மையைத் தள்ளும் ரப்பர் கட்டை) ஓடும் பக்கம் வழவழவென்று கசியும், ஓரங்கள் அரிக்கும், அடிக்க அடிக்க ஊசித்துளை விழும், நூறு பை தாண்டுவதற்குள் ஸ்டென்சில், அதாவது இறுகிய எமல்ஷன், உரிய ஆரம்பிக்கும். திட்டு எமல்ஷனுக்கு. தவறு ஃபிலிமில்.

டென்சிட்டோமீட்டர் வாங்க வேண்டாம். கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன யுவி டார்ச் ஒன்று போதும். விளக்கை அணைத்துவிட்டு, சலவை செய்த வெள்ளை வேட்டி அல்லது ஏ4 ஜெராக்ஸ் பேப்பர் மேல் டார்ச்சை அடியுங்கள். சோப்புத் தூளிலும் காகிதத்திலும் இருக்கும் வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். இப்போது ஃபிலிமின் கறுப்புப் பாகத்தை இடையில் வையுங்கள், துணியோடு ஒட்டி. துணி அணைந்துபோனால் மை ஒளியைத் தடுக்கிறது என்று அர்த்தம். மங்கலாக நீலம் தெரிந்தால் அந்த மை எமல்ஷனையும் ஏமாற்றும். அதே டார்ச்சை மை இல்லாத தெளிவுப் பாகத்திலும் அடியுங்கள். அங்கே வெறும் துணியில் தெரிந்த அளவுக்கு ஒளிர வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஃபிலிமின் தரம். டிரேசிங் பேப்பர் தோற்பது இந்த இரண்டாவது சோதனையில்தான். தெளிவுப் பாகமே கணிசமான ஒளியை விழுங்கிவிடுவதால் நேரத்தைக் கூட்டுகிறோம், கூட்டினால் கறுப்பு வழியாகவும் கூடுதலாகக் கசிகிறது.

ஷீட்டுக்கு வருவோம். கடையில் 'ஓஹெச்பி ஷீட்' என்று கேட்டால் மூன்று விதமான சரக்கில் ஏதாவது ஒன்று கையில் வரும். ஒன்று, ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடுகிற பிவிசி ஷீட். இதை லேசர் பிரின்டரில் விட்டால், டோனர் பொடியைச் சூட்டில் பதிக்கும் ஃப்யூசர் உருளையில் உருகிச் சுற்றிக்கொள்ளும், பிரின்டருக்கே ஆபத்து. இரண்டு, சூடு தாங்கும் பாலியஸ்டர் ஷீட். இது லேசருக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும். மூன்று, மை உறிஞ்சும் கோட்டிங் உள்ள இங்க்ஜெட் ஃபிலிம். கோட்டிங் இல்லாத ஷீட்டில் இங்க்ஜெட் அடித்தால் தாமரை இலைத் தண்ணீர்தான், மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் காயாது. கோட்டிங் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு மூலையை ஈர விரலால் தொடுங்கள், லேசாக ஒட்டும் பக்கம்தான் கோட்டிங். நல்ல இங்க்ஜெட் ஃபிலிம் கொஞ்சம் பால் பூத்தாற்போல் இருக்கும். கண்ணாடி மாதிரி இல்லையே என்று வருந்த வேண்டாம், டார்ச் சோதனையில் தேறினால் சரி.

லேசரில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பருத்த எழுத்து, லோகோ, கோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டோனர் பெரிய கறுப்புப் பரப்பில் நடுவே வெளிறும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து டேப் போடுவது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. ஆனால் ஃப்யூசர் சூட்டில் ஷீட் நுணுக்கமாகச் சுருங்கும். ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் திருப்பியும் விட்டால் இரண்டும் பொருந்தாது. ஒரே திசையில், அடுத்தடுத்து எடுங்கள். டோனரைக் கருமையாக்கும் ஸ்ப்ரேயும் கிடைக்கிறது. பலன் உண்டு, நாற்றமும் உண்டு. சாதாரணப் பேப்பரில் லேசர் எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவுகிற வழி எல்லா ஊரிலும் இருக்கிறது. அவசரத்துக்கு ஒரு பெரிய நம்பரோ அம்புக்குறியோ அடிக்கலாம். எண்ணெயை மிச்சமில்லாமல் துடைக்காவிட்டால் அது எமல்ஷனில் இறங்கும், கண்ணாடியிலும் பிசுக்கு ஏறும். பை அடிக்கும் தொழிலாக இதைச் செய்யாதீர்கள்.

ஆகவே இங்க்ஜெட். இதில் மையைப் பற்றி ஒரு விஷயம். கறுப்பு மை இரண்டு வகை: டை (கரைந்த சாயம்), பிக்மென்ட் (நுண்பொடி). டை கோட்டிங்குக்குள் இறங்கி நிற்கும். பிக்மென்ட் மேலேயே படியும்; பல ஃபிலிம்களில் விரல் பட்டால் வரும். எப்சன் எல் வரிசையின் பழைய மாடல்களில் வரும் 664 மை நான்கு நிறமும் டைதான். கேனான் ஜி வரிசையில் ஜிஐ-790 மை போடும் மாடல்களில் கறுப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். தரம் வேண்டும் என்று 'ஃபோட்டோ பேப்பர்' செட்டிங் வைத்தால், இந்தப் பிரின்டர்கள் கறுப்பு டாங்கைத் தொடாமல் மூன்று வண்ணங்களையும் கலந்தே கறுப்பு செய்துகொள்ளும். கறுப்பு மை குறையவே இல்லையே என்று சந்தோஷப்படாதீர்கள்.

எந்த செட்டிங் நல்லது என்று பிறர் சொல்வதைக் கேட்பதைவிட ஒரு ஷீட்டைச் செலவழிப்பது மேல். 2 செ.மீ. சதுரம் ஒன்று, அதன் பக்கத்தில் 'புள்ளி, ஸ்ரீ, ஞு' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. இதையே ப்ளெயின் பேப்பர், மேட், க்ளாஸி என்று பேப்பர் வகையை மாற்றி மாற்றி, கிரேஸ்கேலிலும் கலரிலும் அதே ஷீட்டில் இடம் தள்ளி அடியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செட்டிங்கை மார்க்கரால் எழுதுங்கள். காய்ந்தபின் டார்ச் அடித்து, துணியை நன்றாக அணைக்கிற சதுரங்களில் எதன் எழுத்து பிசிறாமல் இருக்கிறதோ அதுதான் உங்கள் செட்டிங். வேறு கம்பெனி ஃபிலிம் வாங்கினால் மறுபடி ஒரு ஷீட்.

க்வாலிட்டி எப்போதும் ஹை. 'ஹை ஸ்பீட்' அல்லது இருதிசை அச்சு என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். ஹெட் போகும்போதும் வரும்போதும் அடித்தால் செங்குத்துக் கோடுகள் இரட்டை விளிம்பு தட்டும். மைத்துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் அடிக்காமல் ஃபிலிம் விடாதீர்கள். ஒரே ஒரு நாசில் அடைத்திருந்தாலும் கறுப்பின் குறுக்கே முடி போல ஒரு தெளிவுக் கோடு ஓடும். பேப்பரில் அது கண்ணில் படாது, ஸ்க்ரீனில் கண்டிப்பாகப் படும்.

இப்போது டிசைன் செய்கிற கோரல் டிரா மென்பொருளுக்கு. நம் ஊரில் பாதி ஃபிலிம் இங்கேதான் கெடுகிறது. 'கே 100' (கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம்) என்று கொடுத்த கறுப்பு முழுக் கறுப்பு என்றுதான் நினைப்போம். வீட்டு இங்க்ஜெட் டிரைவர் ஆர்ஜிபி மொழி பேசுகிறது. சிஎம்ஒய்கேயில் உள்ள கே 100, கலர் ப்ரொஃபைல் வழியாக மாறும்போது 35, 31, 32 போன்ற கரும்சாம்பலாகிவிடும். பிரின்டர் அதைச் சாம்பலாகவே மதித்து நுண்ணிய இடைவெளி விட்டு மை தெளிக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சல்லடை. எல்லா உருவங்களையும் ஆர்ஜிபி 0, 0, 0 ஆக மாற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். அதே பிரின்டர், அதே மை, வேறு ஃபிலிம் போல வரும்.

அதோடு எழுத்தை 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' செய்யாமல், அதாவது வெறும் கோட்டு உருவமாக மாற்றாமல், வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டியது அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பழைய கோரலில் யூனிகோட் தமிழ் ஒட்டினால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி உட்காரும். கர்வ்ஸ் ஆக்கும் முன் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள், ஆக்கிய பின் திருத்த முடியாது.

அளவு விஷயத்தில் இரண்டு பொறிகள். 'ஃபிட் டு பேஜ்' போட்டிருந்தால் நூற்றுக்கு 97 என்று சுருங்கும். 'பார்டர்லெஸ்' போட்டால் ஓரம் வரை மை போவதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும். ஒற்றை வண்ணத்துக்குத் தெரியாது. இரண்டு வண்ணம் என்றால் ஒரு ஃபிலிம் பார்டர்லெஸ், இன்னொன்று இல்லை என்று வந்து மார்க் ஒன்றோடொன்று உட்காராது. எல்லா வண்ணத்துக்கும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போட்டு, ஒரே உட்காரலில், ஒரே திசையில் எடுத்துவிடுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்றால் ஈரத்திலும் சூட்டிலும் ஷீட்டின் நீளமே கொஞ்சம் மாறியிருக்கும்.

தெளிவான ஃபிலிமைச் சில பிரின்டர்கள் பேப்பராகவே ஒப்புக்கொள்ளாது. உள்ளே இருக்கிற சென்சாரின் ஒளி ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடுவதால் 'பேப்பர் இல்லை' என்று நிற்கும். முன் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பேப்பர் டேப் ஒட்டி விட்டால் சரியாகும். டேப் பிரிந்து உள்ளே சிக்காதபடி நன்றாக நீவுங்கள்.

மை அதிகமானாலும் ஆபத்துதான். கோட்டிங் தாங்குவதற்கு மேல் விழுந்த மை குளமாகத் தேங்கி, ஓரத்தில் வழிந்து, 'ண'வின் சுழிகளை அடைத்துவிடும். அந்த ஈரத்தின் மேல் பிரின்டரின் பல்சக்கரங்கள் ஓடினால் வரிசையாக ஊசிக்குத்து விழும். ஜல்லிக்கட்டு டிஷர்ட்டுக்குப் போடுகிற காளை உருவம் மாதிரி பெரிய கறுப்புப் பரப்பில் இது அப்பட்டமாகத் தெரியும்: திமிலிலிருந்து வால் வரை நேர்கோட்டில் எறும்பு போன தடம். மை அளவை ஒரு படி குறைத்தோ, டிரைவரில் காயும் நேரத்தைக் கூட்டியோ பாருங்கள். மிஞ்சும் துளைகளைக் காய்ந்தபின் மை படாத பின்பக்கத்தில், ஒளியைத் தடுக்கும் ஒபேக் பேனாவால் மூடலாம். அந்தப் பேனாவையும் டார்ச்சில் சோதித்துவிட்டு வாங்குங்கள். கறுப்பு மார்க்கர் பலவும் யுவியைத் தாராளமாக விடும்.

சித்திரையில் எடுத்த ஃபிலிம் அரை மணியில் காயும். ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டால் காய்ந்தது போலத் தோன்றி, எமல்ஷனில் வைத்து அழுத்தியதும் மை பெயர்ந்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் இரவு முழுக்க விடுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல். ஹேர் டிரையர் பிடித்தால் சுருண்டுகொள்ளும். சுருண்ட ஃபிலிம் கண்ணாடிக்கடியில் முழுதாகப் படியாது. ஸ்க்ரீனும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர எமல்ஷன் ஃபிலிமின் கோட்டிங்கையே இழுத்துவிடும்.

போட்டோவை அடிக்க வேண்டும் என்றால் ஹாஃப்டோன் தேவை. சுங்குடிச் சேலையில் புள்ளி பெரிதும் சிறிதுமாக இருந்தால் எப்படியோ அப்படி, அடர்த்தியைப் புள்ளி அளவால் காட்டுவது. வீட்டு இங்க்ஜெட் டிரைவர் இதைத் தானாகச் செய்யாது, அது தெளிக்கிற சாம்பல் பொடிப்பொடியாக எமல்ஷனில் நிற்காது. படத்தைப் புள்ளிகளாக்கிப் பிரின்டருக்கு அனுப்பும் தனி ரிப் மென்பொருள் இல்லாவிட்டால் கோரலிலேயே படத்தை 1 பிட் பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கி, அதில் ஹாஃப்டோன் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேல், பிறகு பிட்மேப், பிறகு ஹாஃப்டோன் ஸ்க்ரீன். அவுட்புட் 720 டிபிஐ, கோணம் 22.5. அங்குலத்துக்குப் புள்ளி வரிசை எத்தனை என்பதற்கு மெஷ்ஷின் அங்குலக் கணக்கை நாலரையால் வகுங்கள்.

மெஷ் வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம்: நம்பர் சென்டிமீட்டரா, அங்குலமா? '120' என்று சொன்னால் சென்டிமீட்டருக்கு 120 நூல், அதாவது அங்குலத்துக்கு சுமார் 305. கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும். அங்குலத்துக்கு 120 என்றால் சென்டிமீட்டருக்கு 47 நூல், துணிப்பைக்கு ஆகும். இரண்டும் ஒரே நம்பர், வேலை மலைக்கும் மடுவுக்கும். சென்டிமீட்டருக்கு 77 நூல் என்றால் அங்குலத்துக்கு 195. நாலரையால் வகுத்தால் 43 வரிசை. துணிக்கு 64 நூல், 35 வரிசை போதும், நாலு அடி தள்ளி நின்று பார்க்கிற டிஷர்ட்டுக்கு அதற்கு மேல் ஆசைப்படுவது வீண்.

முதலில் சொன்ன புள்ளி விஷயம் மெஷ்ஷோடும் சேர்ந்தது. சென்டிமீட்டருக்கு 43 நூல் என்றால் ஒரு கண்ணும் ஒரு நூலும் சேர்ந்து 0.23 மி.மீ. ஒரு புள்ளி ஒழுங்காக வட்டமாக விழ மூன்று கண் அகலமாவது வேண்டும், கிட்டத்தட்ட 0.7 மி.மீ. பைக்கு மெல்லிய எழுத்துருவில் 12 பாயின்ட் முகவரி வைத்தால் புள்ளி அதைவிடச் சின்னது. ஃபிலிம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்காது. தடித்த எழுத்துரு, 18 பாயின்ட். வாடிக்கையாளர் மண்டபத்தின் முழு முகவரியோடு மூன்று போன் நம்பரும் வேண்டும் என்பார், ஒரு நம்பரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஃபிலிமை வைக்கும் பக்கம் பலருக்கும் தடுமாறும். மை உள்ள பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும், ஸ்க்ரீனின் வெளிப்பக்கத்தில், அதாவது துணி படும் பக்கத்தில். மை பக்கத்தைப் பார்த்து எழுத்து நேராக வாசிக்க வருகிறதா? அதைக் கவிழ்த்து வைத்தால் ஸ்குவிஜி பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரியும். மிரர் தேவையில்லை. சிவகாசியில் ஃபிலிம் போட்டு வாங்குபவர்கள் இதைச் சொல்லியே கேட்க வேண்டும். ஆஃப்செட் பிளேட்டுக்கு வழக்கமாக எடுப்பது எமல்ஷன் (இங்கே ஃபிலிமின் கறுப்பு உள்ள பக்கம்) கீழே இருக்க நேராக வாசிக்கிற ஃபிலிம், நமக்கு வேண்டியது எமல்ஷன் மேலே. பாசிட்டிவ், அதாவது எழுத்து கறுப்பாக இருக்க வேண்டும், என்றும் சொல்லுங்கள். அங்கே எடுக்கிற வெள்ளி உப்பு ஃபிலிமின் கறுப்போடு இங்க்ஜெட் போட்டி போடாது. நுணுக்கமான ஹாஃப்டோன் வேலைக்கு அந்தப் பயணச் செலவு நியாயமே.

வெயிலில் எக்ஸ்போஸ் செய்பவர்களுக்கு மதுரை நல்ல ஊர். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நடுப்பகலும் கடிகாரத்துப் பன்னிரண்டு அல்ல. நமக்குத் தீர்க்கரேகை 78, இந்திய நேரம் 82.5-இல் கணக்கிடுவது, அதனால் ஏப்ரலில் உச்சி வருவது சுமார் 12:17-க்கு. டிசம்பரில் நடுப்பகல் சூரியனே உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அன்றைக்கு ஃபிலிம் ஒரு மூலையில் 1 மி.மீ. தூக்கி நின்றால் நிழல் 0.65 மி.மீ. நகர்ந்து விழும், நம் புள்ளியின் அகலம். ஃப்ரேமின் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, கண்ணாடி மேல் பேனா மூடியை நிமிர்த்தி வையுங்கள். மூடியின் நிழல் காணாமல் போகும் சாய்வுதான் சரியான சாய்வு.

மேகம் மூடிய நாளில் வேறு தொல்லை. யுவி ஒரு புள்ளியிலிருந்து வராமல் வானம் முழுக்கவிருந்து வரும், ஃபிலிம் சரியாகப் படியாத இடத்தில் எல்லாப் பக்கமும் உள்ளே நுழைந்து பொடிப் புள்ளியைத் தின்றுவிடும். ஃப்ரேமுக்குள் அளவாக வெட்டிய ஸ்பாஞ்ச், அதன் மேல் கறுப்புத் துணி, ஸ்க்ரீன், ஃபிலிம், மேலே 5 மி.மீ. கண்ணாடி, நாலு பக்கமும் க்ளிப். மாடிப்படி ஏறும்வரை எல்லாவற்றையும் இன்னொரு கறுப்புத் துணியால் மூடியே வைத்திருங்கள்.

நேரம் எவ்வளவு என்று கேட்டால், ஃபோட்டோபாலிமர் எமல்ஷனுக்கு உச்சி வெயிலில் வினாடிக் கணக்கு, டயசோ வகை எமல்ஷனுக்கு நிமிடக் கணக்கு. மிச்சத்தைப் படிச் சோதனை சொல்லும். ஃபிலிமின் மேல் அட்டையை வைத்து, பட்டை பட்டையாக நகர்த்தி 30, 60, 120, 240 வினாடி கொடுங்கள். எந்தப் பட்டையில் எமல்ஷன் ஸ்குவிஜி பக்கம் வழுக்காமல் உறுதியாக நிற்கிறதோ அதுவே நேரம். அந்தப் பட்டையிலும் புள்ளிகள் திறக்கவில்லை என்றால் நேரத்தைத் தொடாதீர்கள், ஃபிலிமை மாற்றுங்கள். 240 பட்டையிலும் புள்ளி திறந்தால் உங்கள் பிரின்டர் செட்டிங்கை அந்த ஷீட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த ஃபிலிமைப் பட்டர் பேப்பர் இடையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக மூடி வையுங்கள். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு எடுக்கும்போது மடிப்பில் மை வெடித்திருக்கும்.